பெரிசு இருக்கும் தொட்டி

குளிக்கப் போகும்போது அலமாரியில் வைத்த சீப்பு, குளித்துவிட்டு வந்து பார்த்தால் வாசல் கதவோரம் தரையில் கிடந்தது. சரி, நம்முடைய மறதிதான் என்று அவள் எடுத்து வைத்தாள். ஆனால் முந்தின நாள் அவளுடைய தலையணையும் அதே இடத்தில்தான் கிடந்தது. அதற்கு முன் மாற்றுப் புடவை. எல்லாமே யாரோ முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு வந்து ஒதுக்கியது மாதிரி, ஓரங்களில் லேசான ஈரத்தோடு, முகர்ந்தால் உப்பு வாடையோடு கிடந்தன.

"என்னங்க, என் சாமானையெல்லாம் நீங்களா கதவுகிட்ட கொண்டு வைக்கிறீங்க?"

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் ஏம்மா வைக்கப் போறேன்," என்றார். சொல்லிவிட்டுக் கூடத்து மீன்தொட்டியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே குடையை எடுத்தார். அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி அவள் கேட்டதே இல்லை.

அவள் இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள். மூத்தவள் போய் வருஷம்கூடத் திரும்பவில்லை. அண்ணன் வீட்டில் சமைத்து, துவைத்து, அவர்கள் பிள்ளைகளை ஆளாக்கி, தலையில் நரை விழுந்த பிறகு வந்த கல்யாணம். கிளம்பும்போது அண்ணி சொன்னாள்: "உன் கட்டிலை வித்தாச்சு. போற எடத்துல எப்படியாவது ஒட்டிக்க." அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. 

கூடத்து உப்புத்தண்ணீர் மீன்தொட்டி மூத்தவள் வைத்தது. அதில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக நல்ல வளர்த்தி. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பெரிசு என்றுதான் அவள் அதைக் கூப்பிடுவாள். அதன் ஜோடி செத்துப் போயிருந்தது. கணவர் தீனியைத் தூவிவிட்டு உடனே நகர்ந்துவிடுவார். அதற்கு ஒரு துணை வாங்கிவிட்டால் அவர் முகமும் கொஞ்சம் தெளியுமே என்ற நப்பாசையில் அவள் ஒரு குட்டி மீனை வாங்கப் போனாள்.

"பெரிசு பொம்பளைம்மா. தனியா ஆண்டு பழகிடுச்சு," என்றார் வளர்ப்பு மீன் கடைக்காரர். "சின்னதை நேரா விட்டா கடிச்சே கொன்னுடும். ஓட்டை போட்ட இந்தப் பெட்டியில போட்டு உள்ள தொங்கவிடுங்க. ஒண்ணை ஒண்ணு பாத்துப் பழகட்டும். தெறந்துவிடற அன்னிக்குப் பாறையெல்லாம் எடம் மாத்திடுங்க. இது என் எடங்கிற நெனப்பு போயிடும்."

"அப்புறம் சேர்ந்துடுமா?"

"அது சின்னதைப் பொறுத்தது. பக்கவாட்டுல சாஞ்சு வெடவெடன்னு நடுங்கிக் காட்டணும். நீதான் பெரியவன்னு ஒத்துக்கறது அது. காட்டிட்டா விட்டுடும். முறைச்சிக்கிட்டு நின்னா, செத்ததை எடுக்க நீங்க வலையோட வரணும்."

பெட்டிக்குள் சின்னது சில நாள் இருந்தது. பெரிசு வெளியிலிருந்து முட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மழை நாள் மத்தியானம், கணவர் வேலைக்குப் போயிருந்தபோது, அவள் முழங்கை வரை கையை விட்டுப் பாறைகளை மாற்றி அடுக்கி, பெட்டியைத் திறந்தாள். பெரிசு திசை தெரியாமல் ஒரு சுற்று சுற்றியது. பிறகு பாய்ந்து சின்னதன் வாலைக் கடித்தது. சின்னது ஒருக்களித்துச் சாய்ந்து, உடம்பெல்லாம் நடுங்கியது. அவ்வளவுதான், பெரிசு வாயை எடுத்துவிட்டது. அந்த வீட்டுக்கு வந்து முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பிழைத்துக்கொள்ள வழி தெரிந்துவிட்ட சந்தோஷம் அது. அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் செய்யக்கூடாததைச் செய்தாள். பாறைகளை மாற்றிய மாதிரியே, படுக்கையறைக்குப் போய்க் கட்டிலை ஜன்னலோரம் இழுத்தாள். பீரோவை எதிர்ச்சுவருக்குத் தள்ளினாள். கண்ணாடியைக் கழற்றி வேறு ஆணியில் மாட்டினாள். கடைசியில் மூத்தவளின் படத்தை இறக்கி, கூடத்துக்குக் கொண்டுபோகத் திரும்பினாள்.

மழைச் சத்தம் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. தலையைத் தண்ணீருக்குள் அமுக்கியது போல இரண்டு காதும் அடைத்தன. அறைக்குள் இருந்த வெளிச்சம் பச்சையாக மங்கியது. உப்பு வாடை மூக்கை அறுத்தது. திரைச்சீலைகள் காற்றே இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு மெல்ல மறுபக்கம் சாய்ந்தன. ஏதோ ஒன்று அறைக்குள் திரும்பியது. ரொம்பப் பெரியது.

இடுப்பில் ஒரு முட்டு.

திரும்பினாள். யாரும் இல்லை. மறுபடி ஒரு முட்டு. படம் கை நழுவியது. நிலைப்படி. கூடம். வாசல் கதவு தானாகத் திறந்து கிடந்தது. அங்கேதான் தள்ளுகிறது.

"அக்கா," என்றாள். மூத்தவளை அவள் வேறு எப்படிக் கூப்பிடுவாள். "எனக்குப் போக எடமில்லக்கா."

குதிகாலில் கடி. சதை பிய்ந்தது.

கதவுக்கு வெளியே தெரு. தெருவுக்கு அப்பால் அண்ணி. அவள் ஒரு நிமிஷம் தெருவைப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். நடுங்கினாள். முதலில் பாவனையாகத்தான். அப்புறம் நிறுத்தப் பார்த்தபோது நிறுத்த முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இருட்டும் நேரத்தில் கணவர் வந்தார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். அறைக்குள் இடம் மாறிக் கிடந்த கட்டிலைப் பார்த்தார். தரையில் கிடந்தவளைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கைகொடுத்துத் தூக்கவும் இல்லை.

"கட்டிலை எதுக்கும்மா நகர்த்தினே," என்றார் மெதுவாக. 

குடையை மூலையில் சாத்தினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியை மடித்து, உடையாத தூரத்தில் வைத்தார். தினமும் செய்கிற காரியம் மாதிரி, அவசரமே இல்லாமல் அவள் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தார்.

"தோளை மட்டும் ஆட்டினா அவளுக்குப் பத்தாது," என்று அவள் காதருகே சொன்னார். "கால் வரைக்கும் நடுங்கணும். அவ உசிரோட இருந்தப்பவே நான் பழகினது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தார். அவளும் கால் வரைக்கும் நடுங்கினாள். அவர்களுக்கு மேலே அந்தப் பெரிய கனம் ஒரு சுற்று சுற்றி வந்தது. இன்னொரு சுற்று. பிறகு வாசல் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்தாழ்ப்பாள் விழுந்தது.