முத்திரை பார்க்காத கதவு

போனவற்றைவிடத் திரும்பி வந்தவை ஒன்று அதிகமாக இருந்தன.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். ஒரு நிரல் ஏதோ வேலையாக வேறிடம் போனால், முடித்துவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒருமுறை போனால் ஒருமுறை வரலாம், அவ்வளவுதான். போகாதது எப்படி வரும்? வெளியே மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மதியமே சாயங்காலம் போல இருட்டி, காயாத துணியின் வாடையும், வாசல் கதவருகே மின்னல் கருக்கிய கதவுப் பெட்டியின் தீய்ந்த வாடையும் கூடத்தில் கலந்து கிடந்தன.

அந்தப் பெட்டிக்காகத்தான் இத்தனை பாடும். வாசலில் நின்று பேசுகிறவர்களின் குரலைப் பதிந்துவைக்கும் பெட்டி. கோடையில் அவள் கணவன் வாங்கி மாட்டினான். அதே கோடையில் சாலை விபத்தில் போய்விட்டான். அவன் கைபேசியும் அவனோடு நொறுங்கியது. பிறகு இடி விழுந்து பெட்டியின் சிப் செத்தது, நினைவகம் மட்டும் பிழைத்தது. அவன் குரல் மிச்சமிருந்தது அதில்தான்.

"ஒரே ஒரு தடவை அவன் கொரலைக் கேட்டுட்டா போதும்மா," என்று மாமியார் கேட்டார். அவளுக்குப் பிழைப்பே எமுலேட்டர் எழுதுவதுதான். ஒரு சிப் செய்வதையெல்லாம் கணினிக்குள் அப்படியே செய்துகாட்டும் மென்பொருள். செத்த சிப்புக்கும் ஒன்று எழுதினாள்.

ஆனால் அந்தச் சிப் சரியான சந்தேகப் பிராணி. திரும்ப வேண்டிய முகவரி ஒவ்வொன்றிலும் ரகசியச் சாவியால் முத்திரை குத்தும். திரும்பும்போது முத்திரையைச் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். மாமியாரும் அந்த ரகம்தான். எவனோ ஒரு திருடன் மகனைப் போலவே பேசி ஏமாற்றப் பார்த்ததிலிருந்து, மகனே வந்து தட்டினாலும், "நம்ம பூனை பேரு என்ன?" என்று கேட்காமல் தாழ்ப்பாளைத் தொடமாட்டார். எதற்கெடுத்தாலும் வாதாடிய அந்தப் பூனை செத்துப் பல வருடம் ஆகிறது. "வக்கீல்மா, வக்கீல்! போதுமா?" என்று அவன் தெருவே கேட்கக் கத்துவான்.

எமுலேட்டர் சரிபார்ப்பில்தான் சொதப்பியது. நல்ல முத்திரையையும் பொய் என்றது. காரணம் பிடிபடாமல் அவளுக்கு மண்டை காய்ந்தது. கடைசியில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அலுத்துப்போய்ச் செய்யும் குறுக்குவழியை அவளும் செய்தாள். முத்திரை எப்படியிருந்தாலும் 'சரி' என்று சொல்லிவிடு. இரண்டே வரி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நிரல் ஓடியது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"அம்மா, நான்தான். கதவைத் தெற."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவளுக்கும் அடக்கமுடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் திரையில் அந்த எண்ணிக்கை கண்ணில் பட்டது.

"மழை கொட்டுதும்மா. எவ்வளவு நேரமா நிக்கிறது?"

பெட்டி மாட்டியதிலிருந்து அவன் சாகும்வரை ஒரு தூறல்கூடப் போடவில்லை.

மாமியார் எழுந்துவிட்டார்.

"அத்தை, உக்காருங்க. இது வெறும் பதிவுதான்."

"பதிவு மழையில நனையுமா?"

அவள் எமுலேட்டரை நிறுத்தினாள். ஒலிபெருக்கி அடங்கியது.

"அம்மா."

இந்த முறை குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது. கருகிய பெட்டியிலிருந்து. அதன் கம்பிகள் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்த இரண்டு வரிகளை அழித்தாள். இப்போது பார்த்துக் கோளாறும் பளிச்சென்று தெரிந்தது: முத்திரை குத்தும்போது ஒரு எண்ணைச் சேர்த்தவள், சரிபார்க்கும்போது வேறு எண்ணைச் சேர்த்திருக்கிறாள். திருத்தினாள். மறுபடி ஓட்டினாள். சரி, சரி, சரி என்று வரிகள் ஏறின. போனதெல்லாம் திரும்பியது. அவன் முதலில் பேசியது, சரி. அதற்கு அடுத்தது.

முத்திரை பொய்.

நிரல் நின்றது. கதவுக்கு வெளியே இருந்தது நிற்கவில்லை. அதுதான் முன்பே வந்துவிட்டதே.

"அத்தை! தெறக்காதீங்க! கேளுங்க. பூனை பேரைக் கேளுங்க!"

தாழ்ப்பாளில் இருந்த கை தயங்கியது. பழக்கம் விடவில்லை.

"நம்ம பூனை பேரு என்ன?"

மழைச் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை. சத்தம் மட்டும்.

"நம்ம பூனை பேரு என்ன?"

வெளியிலிருந்து. மாமியாரின் குரலிலேயே. அதே நடுக்கத்தோடு.

மாமியாருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"சரி," என்றார், அவள் அழித்த அந்த இரண்டு வரிகளைப் போலவே.

தாழ்ப்பாள் விலகியது. கதவு விரல்கடை அளவு திறந்தது. விளிம்பைப் பற்றிக்கொண்டு ஒரு கை உள்ளே வந்தது. நனைந்த கை. அவன் மோதிரம். மாமியார் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

அதற்கு மேலே இன்னொரு கை. அதே மோதிரம்.

அதற்கும் மேலே இன்னொன்று.

அவள் வீறிட வாயைத் திறந்தாள்.

"சரி," என்றுதான் வந்தது.