ஆள் ஏற்றி முறுக்கிய வண்டி

தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தத்தைக் கேட்டாலே போதும், அந்த வண்டிக்கு என்ன நோய், முதலாளிக்கு என்ன நோய், முதலாளியின் மாமியாருக்கு எந்தக் காலில் மூட்டுவலி என்பது வரைக்கும் தன்னால் சொல்லிவிட முடியும் என்று சயின்டிஸ்ட் சொல்லிக்கொள்வார். அதுவும் தூக்கத்தில். ஒருமுறை பக்கத்து ஊர் நெடுஞ்சாலையில் போன லாரியின் பிரேக் தேய்ந்திருப்பதைத் தன் வீட்டுப் படுக்கையில் இருந்தபடியே மோப்பம் பிடித்து, டிரைவருக்குப் போன் போட்டு எச்சரித்ததாகவும் ஒரு கதை உண்டு. அந்த ஒர்க்‌ஷாப்பில் இதையெல்லாம் நம்புகிறவர் ஒரே ஒருவர்தான். அவர் சயின்டிஸ்ட்.

சயின்டிஸ்ட் என்பது வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். காதில் விழுந்ததும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, சட்டைப் பையின் மேல் நூலால் தைத்து வாங்கி மாட்டிக்கொண்டவர் அவர். அப்படிப்பட்ட மனிதரின் மூக்குக்கு எதிரே, ஒரு விடுமுறை நாள் பிற்பகல் மழையில், மச்சானின் கார் வந்து நின்றது. புத்தம் புது ஸ்பிரிங், புத்தம் புது ஷாக் அப்சார்பர். முன்பக்கம் நிமிர்ந்து நின்றது. பின்பக்கம், சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க மனமில்லாத ஆளைப் போல, தரையோடு உட்கார்ந்திருந்தது.

உள்ளே மச்சான் மட்டும்தான் இருந்தான். அவனும் இறங்கிவிட்டான். வண்டி எழும்பவில்லை.

“பேஷ்,” என்றார் சயின்டிஸ்ட். “நாய் ஒண்ணுக்குப் போற மாதிரி நிறுத்தியிருக்கியே. இதுக்குத்தான் ரெண்டு நாளா என் ஷெட்டுல லைட்டு எரிச்சியா?”

“அத்தான், எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கேன்.”

“நீ கல்யாணத்துல மாலையே தலைகீழா மாட்டுனவன்டா. என் பொண்டாட்டிக்குத் தம்பியாப் பொறந்ததைத் தவிர உருப்படியா நீ என்ன செஞ்சிருக்க?”

வேறு நாளாக இருந்தால் சாயங்காலம் வரைக்கும் இப்படியே திட்டிப் பொழுதைப் போக்கியிருப்பார். இன்று நேரமில்லை. பிரசவத்துக்குச் சேர்த்திருந்த மகளையும் பச்சைக் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து இன்று சாயங்காலம் கூட்டி வர வேண்டும். அவருடைய சொந்தக் கார் என்ஜின் கழற்றப்பட்டு மூலையில் கிடந்தது. சம்பந்தியோ டாக்ஸி பிடித்துவிடலாம் என்று தன்மையாகச் சொன்னார். “என் பேத்தி டாக்ஸியிலயா? தொட்டில் மாதிரி ஒரு வண்டியில நானே கொண்டு வர்றேன்” என்று போனிலேயே மார்தட்டிவிட்டார் இவர். அந்தத் தொட்டில்தான் இது.

அவர் குனிந்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டார். முன்பக்கம் நாலு விரல் தாராளமாக நுழைந்தது. பின்பக்கம் ஒரு விரல்தான் நுழைந்தது, அதுவும் இடித்துக்கொண்டு. டிக்கியைத் திறந்தார், காலி. உதிரி டயரைக்கூட எடுத்து வெளியே போட்டார். ஸ்பிரிங்கில் அடித்திருந்த பெயின்ட் குறியைப் பார்த்தார். இந்த வண்டிக்கு உரியதேதான். ஸ்பிரிங்கின் நுனி அதன் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மேலும் கீழும் வைக்க வேண்டிய ரப்பர் வட்டுகள் இருந்தன. ஒரு தப்புகூட இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது. மச்சான் ஒரு வேலையைச் சரியாகச் செய்திருப்பதை அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை.

இன்னொரு முறை இடைவெளியில் விரலை விட்டார். வண்டி லேசாக அசைந்தது. வெகுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர் இடுப்பை மாற்றி வைப்பாரே, அப்படி. மட்கார்டின் விளிம்பு நகத்தின் மேல் இறங்கியது.

கையை உருவிக்கொண்டு கெட்ட வார்த்தை ஒன்றை முழுதாகச் சொல்லி முடித்தார்.

“பார்த்தீங்களா?” என்றான் மச்சான்.

“என்னத்தைப் பார்த்தீங்களா? புது ஸ்பிரிங் பதியுது. இதுகூடத் தெரியாதா? சரி, புஷ் போல்ட்டை எப்படி முறுக்குன? ஆள் ஏத்தித்தானே?”

அது அந்த ஷெட்டின் வழக்கம். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, அதைத் தாங்கும் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் திருகிக்கொள்ளும். அதனால் வண்டியை ஷெட்டின் தரையில் வெட்டிய குழியின் மேல் நிறுத்தி, பின்சீட்டில் ஆட்களை உட்கார வைத்து, பாரம் இறங்கிய நிலையில், கீழே குழிக்குள் நின்று கடைசி முறுக்கு முறுக்குவார்கள். ஊரில் பல ஷெட்டுகளில் செய்வதுதான். சயின்டிஸ்ட் மட்டும் தானே கண்டுபிடித்ததாகச் சொல்வார்.

மச்சான் வாசல் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டான். “ஆள் ஏத்தித்தான் முறுக்குனேன் அத்தான். ஆனா யாருன்னு தெரியல.”

“என்னது?”

“நேத்து எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நான் குழிக்குள்ள இருந்தேன். யாரோ நடக்குற மாதிரி இருந்துச்சு. நம்ம ஆளுங்கதான்னு நெனச்சு, ‘யாராவது வந்து பின்னாடி உக்காருங்கப்பா’ன்னு சத்தம் குடுத்தேன். கதவு திறந்துச்சு. ஏறுனாங்க. ஸ்பிரிங் அமுங்குறதைக் கண்ணால பார்த்தேன். முறுக்கி முடிச்சு மேல வந்தா வண்டியில ஒருத்தனும் இல்ல. அப்புறமாத்தான் நம்ம ஆளுங்க சாப்பிட்டுட்டு வர்றாங்க.” அவன் இன்னும் ஒரு அடி வாசல் பக்கம் நகர்ந்தான். “அப்போலேர்ந்து வண்டி எழும்பல. ஏறுனவங்க இன்னும் இறங்கல அத்தான்.”

சயின்டிஸ்ட் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரத்தில் ஒதுங்கியிருந்த புறாக்கள் மழையென்றும் பாராமல் பறந்தன. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

“ஏன்டா, நானே வேலைக்கு ஆள் கிடைக்காம அல்லாடுறேன். கூப்பிட்ட உடனே வந்து, கூலியும் கேக்காம, சொன்ன இடத்துல ரெண்டு நாளா உக்காந்திருக்கிற ஆளை எங்கடா புடிச்ச? நாளைக்கு நாலு பேரை எனக்கு அனுப்பு.”

வண்டியைக் குழியின் மேல் ஏற்றச் சொன்னார். ஏற்றிவிட்டு மச்சான் ஓட்டமாக இறங்கி, மழைத் தாழ்வாரத்துக்கே போய்விட்டான். கூப்பிட்டால் வருவதாக இல்லை. போகட்டும், தொடைநடுங்கி.

சயின்டிஸ்ட் ஸ்பானரோடு குழிக்குள் இறங்கினார். பழைய எண்ணெயும் ஈர சிமென்ட்டும் கலந்த வாசனை, முப்பது வருடமாக அவருக்குப் பழகிய வாசனை, அதற்கு நடுவே பழகாத ஒன்று, நாள்கணக்கில் உலராமல் சுருட்டி வைத்த துணியின் புளித்த வாடை, வண்டியின் தரைத் தகட்டிலிருந்து மெல்லக் கீழே இறங்கி அவருடைய முகத்தைச் சுற்றி நின்றது. தகரத்தில் மழை சீராகக் கொட்டியது. கைவிளக்கின் வெளிச்சத்தில் இரண்டு ஸ்பிரிங்குகளும் சுருளுக்குச் சுருள் நெருங்கும் அளவுக்கு நசுங்கி நின்றன. ஆறு மூட்டை சிமென்ட் ஏற்றினால்தான் ஒரு ஸ்பிரிங் இப்படி நசுங்கும்.

புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தினார். ஒன்று. இரண்டு. ஒன்றும் மாறவில்லை. தலைக்கு மேலே சீட் மட்டும் முனகியது.

தன் மௌனம் அவருக்கே பிடிக்கவில்லை. வாய் பேசிக்கொண்டிருந்தால்தான் அவர் சயின்டிஸ்ட்.

“என்னங்கய்யா,” என்றார் மேலே பார்த்து, வேண்டுமென்றே உரக்க. “வசதியா உக்காந்திருக்கீங்களா? இவ்வளவுதானா ஆளு? உங்க குடும்பத்துல வேற யாரும் இல்லையா? கூப்பிடுங்க, எல்லாரும் வந்து ஏறுங்க!”

கதவு திறந்தது.

இடது பக்கக் கதவு. அதன் கீல் எழுப்பும் சத்தம் எது என்று அவருக்குத் தெரியும். தூக்கத்திலும் தெரியும்.

“மச்சான்?” என்றார்.

தாழ்வாரத்திலிருந்து, வெகு தொலைவில், மச்சான் இருமுவது கேட்டது.

ஸ்பிரிங் இன்னும் ஒரு சுருள் இறங்கியது. நின்றது. மறுபடி இறங்கியது. ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். அவசரமில்லை. தள்ளுமுள்ளு இல்லை. ஒருவர் ஏற, உள்ளே இருப்பவர் நகர்ந்து இடம் விடுகிறார். சைலன்சர் குழாய் அவருடைய தலைமுடியைத் தொட்டது. அவர் குனிந்தார். அது தொடர்ந்து வந்தது. முழங்காலை மடக்கினார். குழியிலிருந்து ஏறும் படி வண்டியின் பின்பக்கம் இருந்தது. அந்த இடைவெளி இப்போது ஒரு முழம்கூட இல்லை. கடைசியாக ஒரு அசைவு. மிகச் சின்னது. இறகு விழுந்ததைப் போல. யாரோ ஒரு குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டதைப் போல.

உள்ளே, சீட்டுக்கு அடியில், குதிகால்கள் உரசின.

“இறங்குங்க.” என்றார். “இறங்கித் தொலைங்க. இறங்குங்கய்யா… தயவுசெய்து…”

மழை. மழை. மழை.

பிறகு ஸ்பிரிங்குகள் இரண்டும் ஒரே மூச்சில் நிமிர்ந்தன.

அவர் குழியிலிருந்து எப்படி மேலே வந்தார் என்பது அவருக்கே தெரியாது. தவளை தாவியிருக்கும், பல்லி ஊர்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்துச் செய்திருப்பார். மேலே வந்து பார்த்தால் வண்டி ராஜா மாதிரி நின்றது. பின்பக்கம் நாலு விரல் தாராளமாக நுழைந்தது. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. பின்கண்ணாடியில் மட்டும் உள்பக்கமாக மூச்சுப் பட்டதைப் போன்ற வெண்படலம், தலை உயரத்தில் வட்டம் வட்டமாக. எல்லாவற்றுக்கும் கீழே, மிகச் சின்னதாக ஒன்று. அவர் பார்க்கப் பார்க்க அது காய்ந்து மறைந்தது.

மச்சான் எட்டிப் பார்த்தான். “சரியாயிடுச்சா? என்ன ஆச்சு அத்தான்?”

கைகளைக் கழிவுத் துணியில் நெடுநேரம் துடைத்தார். சொல்லலாம். இவனிடமா? இந்தப் பயலிடமா?

“புஷ் சிக்கியிருந்துச்சு,” என்றார். “தளர்த்துனேன், விட்டுருச்சு. இதுக்குப் போய் ஒரு பேய்க்கதை அளந்துட்டுத் திரியுறான். போல்ட்டை நீயே இறுக்கிடு, போ. எனக்கு இடுப்பு வலிக்குது.”

ஆஸ்பத்திரி வாசலில் மழை சற்றுத் தணிந்திருந்தது. மச்சான் ஸ்டியரிங்கில் இருக்க, சயின்டிஸ்ட் குடையோடு இறங்கி, பின்கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். படிகளில் மகள் குழந்தையை அணைத்தபடி மெதுவாக இறங்கி வந்தாள். பக்கத்தில் சம்பந்தி. மேலே போர்டிகோவில் நர்சுகள். சயின்டிஸ்ட் பெருமையாகச் சிரித்தார்.

முதுகுக்குப் பின்னால் ஸ்பிரிங் முனகியது.

சிரிப்பு அப்படியே உதட்டில் நின்றது. அவர் திரும்பவில்லை. திறந்த கதவு அவருடைய கைப்பிடிக்குள் மெல்லத் தாழ்ந்தது. ஒரு முறை. இன்னொரு முறை. புளித்த துணி வாடை கழுத்தின் மேல் படிந்தது.

சம்பந்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “சம்பந்தி, தப்பா நெனக்காதீங்க. வண்டி பின்னாடி இறங்கின மாதிரி இருக்கே? குழந்தையை வச்சுக்கிட்டு எதுக்கு… நான் டாக்ஸி சொல்லட்டுமா?”

ஒரு வார்த்தை போதும். சொல்லுங்க என்று ஒரே ஒரு வார்த்தை. அது அவருடைய நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே நிற்பவர் துணிக்கடை நடத்துகிறவர். வாழ்நாளில் ஒரு ஸ்பானரைத் தொட்டறியாதவர். அவரா, வண்டியைப் பற்றி, இவருக்கு?

“கஜக்கோலு புடிக்கிறவங்க எல்லாம் காருக்கு அளவெடுக்க வந்தா என்ன சம்பந்தி பண்றது?” என்றார் சயின்டிஸ்ட். “இது வாசல் சரிவு. நீ ஏறும்மா.”

மகள் ஏறினாள். ஆஸ்பத்திரிக் கணக்கை முடித்துவிட்டு வருவதாகச் சம்பந்தி படியிலேயே நின்றுகொண்டார். அவர் கதவைச் சாத்தினார். உள்ளே இடமில்லாததைப் போல, அது இரண்டாவது தள்ளலுக்குத்தான் மூடிக்கொண்டது. அவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

சாலையில் பின்டயர்கள் மட்கார்டில் உரசிக்கொண்டே வந்தன. மச்சானின் விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்திருந்தன. வைப்பர் இப்படியும் அப்படியும் போனது. பக்கக் கண்ணாடிகள் உள்ளிருந்து வெண்மை பூத்தன. முதலில் பின்னால். பிறகு மெல்ல முன்னால்.

“அப்பா.” மகள் மருந்து மயக்கத்தில் பாதித் தூக்கமாகப் பேசினாள். “கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்கப்பா. நெருக்குறாங்க.”

அவர் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பார்க்கக் கூடாது.

பார்த்தார்.

மகள் கதவோடு கதவாக ஒடுங்கி, கன்னத்தைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் வெறுமையாக மடியில் கிடந்தன. சீட்டின் நடுவில், மடி உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், துணியில் சுற்றிய குழந்தை படுத்திருந்தது. தாலாட்டுவதைப் போல இப்படியும் அப்படியும் அசைந்தது. பிறகு மெதுவாக, மிகவும் பத்திரமாக, தலை தொங்காமல், அடுத்த மடிக்குப் போனது. அங்கிருந்து அதற்கடுத்த மடிக்கு. அழவில்லை. மேலே, தன்னைக் குனிந்து பார்க்கும் எதையோ பார்த்து, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

“அத்தான்,” என்றான் மச்சான், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், அழும் குரலில். “நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்கத்தான். பேய்க்கதைன்னு திட்டுங்க. பின்னாடி யாரும் இல்லன்னு சொல்லுங்க.”

சயின்டிஸ்ட் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ சொன்னது நெசம்டா,” என்றார். “உக்காந்திருக்காங்க.”