குஞ்சு மிதித்த வாழ்த்து

சேற்றுத் தண்ணீர் முதலில் முகத்தில் அடித்தது. அப்புறம்தான் சுடர்விழிக்குக் கையிலிருந்த பெட்டி ஞாபகம் வந்தது. ஐயோ... அத்தனையும் வாழ்த்து அட்டைகள்!

ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போன குட்டியானை வண்டி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஒருவன் ஓடி வந்தான்.

"சாரிங்க... சத்தியமா கவனிக்கலைங்க..."

"எப்படிங்க கவனிப்பீங்க? ரோட்டுல நடக்குறவங்கள்லாம் மனுஷங்களாவா தெரியிறோம்?"

அவள் கண்ணில் பொறி பறந்தது. மழைத்துளி கோத்த இமையோடு அழகான கண்கள்தாம்... அதை ரசிக்கிற நேரமா அது? அவன் ரசித்தான். ரசித்துவிட்டுத் திருதிருவென்று விழித்தான்.

பெட்டிக்குள் நெற்கதிரும் அல்லியும் மீன்கொத்தியும் மை கரைந்து கிடந்தன. ரப்பரில் அவளே செதுக்கிய அச்சுகளால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தவை. ஓய்வு பெறும் டீச்சருக்குப் பிள்ளைகள் ஆளுக்கொன்று கொடுப்பதற்காகப் பள்ளியில் கேட்டிருந்தார்கள். கொண்டுபோய்க் கொடுக்கிற வழியில்தான் இந்தக் கூத்து.

"நாளைக்குக் காலையில விழா. இந்த மழையில எங்க காய வைப்பேன்? உங்க தலையிலயா?"

"தலை வேணாங்க... கொட்டகை இருக்கு. நாட்டுக்கோழிக் குஞ்சு வளர்க்கிறேன். அதுங்களுக்குச் சூடு வேணும்னு பல்பு போட்டு வச்சிருக்கேன். சீக்கிரம் காஞ்சிரும், வாங்க."

முன்பின் தெரியாதவன் வண்டியில் ஏறுவதாவது! தன் மாடி அறைக்குப் போய் அச்சுகளையும் மைப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு, அவன் வண்டிக்குப் பின்னாலேயே ஆட்டோவில் போனாள்.

கொட்டகையில் மஞ்சள் பல்புகளின் கீழே அட்டைகளைப் பரப்பினார்கள். காய்ந்ததை எடுத்து, கலைந்துபோன இடங்களில் மறுபடி அச்சு வைத்தாள் அவள். அவன் பெயர் வளவன் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. ஓயாமல் பேசுகிறவன் என்பதும்!

அப்போதுதான் ஒரு குஞ்சு தடுப்பைத் தாண்டிக் குதித்தது. பச்சை மைப் பெட்டியில் இறங்கி, அட்டைகள் மேல் நடை போட்டது.

"அய்யய்யோ... பிடிங்க அதை!"

பிடிப்பதற்குள் ஊர்வலமே முடிந்துவிட்டது. அல்லிப் பூவைச் சுற்றிலும் மூன்று விரல் வைத்த குட்டிக் குட்டிப் பாதங்கள்.

"உங்க அச்சைவிட இது நல்லாத்தாங்க இருக்கு..."

"கொழுப்பா?" என்று கேட்க வந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த பிறகு அவளே திடுக்கிட்டுப் போனாள். அப்பா இறந்ததிலிருந்து அந்த மாடி அறையில் ஒரு நாளாவது வாய்விட்டுச் சிரித்திருக்கிறாளா?

டீச்சருக்குப் பிடித்ததே அந்தப் பாத அட்டைகள்தானாம். அதையே ஓர் அச்சாகச் செதுக்கினாள். அதற்கப்புறம் வளவன் வாரா வாரம் மாடிப்படி ஏறினான்... குஞ்சு வாங்குகிறவர்களுக்கு நன்றி அட்டை வேண்டுமாம்! உலகத்தில் எந்தக் கோழிக்காரனாவது நன்றி அட்டை கொடுப்பானா? ஆனாலும் அவள் செய்து கொடுத்தாள். அவன் வருகிற நாளில் காலையிலிருந்தே படியில் காது வைத்திருந்தது பாவி மனசு.

ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. கோழிக் குஞ்சுக்கு எதுக்குங்க கார்டு?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது... நீங்க இங்க தனியா இருக்கீங்களா... அதான்..."

சுருக்கென்று தைத்தது. அப்பாவின் காரியத்துக்கு வந்த சொந்தமெல்லாம் 'பாவம், தனியா நிக்குது' என்று சொல்லிச் சொல்லியே பஸ் ஏறிப் போனதை அவள் மறக்கவில்லை. ஒருவரும் திரும்பி வரவுமில்லை.

"பாவம் பார்த்து யாரும் எனக்கு வேலை குடுக்க வேணாம். போங்க!"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, படியிறங்கிப் போனான்.

போனவன் போனவன்தான். மழை மட்டும் தினமும் வந்தது. கதவைத் தட்டினால் கூரியர், இல்லையென்றால் கேஸ் சிலிண்டர். நடுவில் அவள் பிறந்தநாளும் வந்தது... ஊரார் பிறந்தநாளுக்கெல்லாம் வாழ்த்து செய்கிறவளுக்கு வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. அன்றைக்கு வெகுநேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். வீம்பு பிடித்த கழுதை, வேறென்ன செய்வாள்!

ஐப்பசி கடைசியில் குடையை மடக்கிக்கொண்டு ஓர் அம்மா படியேறி வந்தாள். பெயர் காளியம்மாள், நடவு வேலை செய்கிறவள்.

"ஏம்மா, கோழிக்கால் போட்ட கார்டு நீதான் செய்யறியா?"

"ஆமாங்க..."

"குஞ்சு வாங்கினப்ப அந்தத் தம்பி குடுத்துச்சு. எம் பேரை எழுதிக் குடுத்துச்சு தாயி! எம் பேரைப் போட்டு ஒரு கார்டு இதுவரைக்கும் வந்ததில்ல. சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன். எங்க தெருவுல எல்லாரும் வச்சிருக்கோம். எம் மருமவளுக்கு ஒண்ணு கேட்டா, தீந்துபோச்சுங்குது. கார்டு செய்யற பொண்ணு கோச்சுக்கிச்சாம்... மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது!"

சுடர்விழி காளியம்மாளின் மருமகளுக்கு ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். அப்புறம் அவனுக்காக ஒன்று செய்ய உட்கார்ந்தாள். நெற்கதிரை ஒற்றினாள், கிழித்தாள். மீன்கொத்தியை ஒற்றினாள், அதையும் கிழித்தாள். அடுத்தவர் மனசுக்கெல்லாம் அச்சு வைத்திருந்தாள்... அவள் மனசுக்கு ஒன்றும் பொருந்தவில்லை.

மறுநாள் வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

கொட்டகை வாசலில் தீவனச் சட்டியோடு நின்றான் வளவன். அவளைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைக்கவும் மறந்து போனான்.

"கார்டு எதுவும் கொண்டு வரலைங்க" என்றாள். "வாயாலதான் சொல்லணும் போல இருக்கு. அன்னைக்கு நான் பேசினது தப்பு."

"நான்தாங்க ஒழுங்கா சொல்லலை. உங்களப் பாவம்னு நினைச்சா வந்தேன்? எனக்கும் யாருமில்லைங்க. பொழுது சாஞ்சா இந்தக் குஞ்சுங்ககிட்ட பேசிக்கிட்டுக் கிடக்கேன். உங்க மாடிக்கு வர்ற அன்னைக்குத்தான் மனுஷங்ககிட்ட பேசுற மாதிரி இருக்கும். அதுக்கு ஒரு சாக்கு வேணுமேன்னு..."

அவளால் அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள்.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க."

குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்தின. அவன் தீவனச் சட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

"இதுங்க போடுற சத்தத்துல... காதுல விழலைங்க."

"பொய்."

"பொய்தாங்க. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லுங்களேன்... யாரும் எங்கிட்ட சொன்னதில்ல."

அழுதுகொண்டே சொன்னாள். பிறகு, அவன் கேட்காமலேயே, மறுபடியும் சொன்னாள்.