மூன்றாவது 'டொக்'

ஃபோன் அலறியது.

எட்டு முறை... ஒன்பது முறை...

எடுக்க வேண்டிய டுவேன் இரண்டடி தள்ளித்தான் கிடந்தான். நெஞ்சின் மேல் எழுபது கிலோ கியர் பாக்ஸ்!

ஃப்ளின்ட் நகரத்தின் சனிக்கிழமை மத்தியானம். ஷெட்டுக்குள் ஸ்டாண்டுகளின் மேல் நின்றது அறுபத்தொன்பதாம் வருஷத்து ஷெவெல் கார். பழைய இரண்டு கியர் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு நாலு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியை மாட்ட மூன்று வாரமாகப் போராட்டம். பெட்டி வண்டிக்குள் ஏறுவதற்குள் டுவேன் போய்விட்டான்.

தகவல் போன அரை மணி நேரத்தில் போலீஸ் சார்ஜென்ட் ஹேக்கட் வந்தார். படம் எடுத்தார்கள். பெட்டியைத் தூக்கி மேஜை மேல் வைத்தார்கள். டுவேனைத் துணியால் மூடினார்கள்.

அவன் மனைவி மார்லீன் காப்பிக் கோப்பையோடு நின்றாள். அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது.

"ஜாக் சரிஞ்சு பெட்டி விழுந்திருக்கு. இல்ல, யாரோ சரிச்சிருக்காங்க! நீங்க எங்க இருந்தீங்க மேடம்?"

"சமையலறையில. அவருக்கு சாண்ட்விச் பண்ணிட்டிருந்தேன்."

"இன்ஷூரன்ஸ் உங்க பேர்லதானே?"

"ஆமா."

"நேத்து சண்டையாம். பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

"இருபது வருஷமா தினமும் சண்டைதான்."

"நகத்துல என்ன சிவப்பு? ரத்தமா?"

"கியர் பெட்டி ஆயில், அதுவும் சிவப்புதான். புருஷன் செத்துக் கிடந்தா தொட்டுப் பார்க்க மாட்டேனா?"

ஹேக்கட்டின் கை விலங்கை எடுத்தது. இன்னும் ஐந்தே நிமிஷம்... மார்லீன் உள்ளே போயிருப்பாள்!

"அடப்பாவி டுவேன்!"

வாசலில் ராய். பதினைந்து வருஷமாக டுவேனோடு வேலை பார்ப்பவன். தலையில் மீன்பிடித் தொப்பி.

"காலையிலேர்ந்து ஏரியிலதான் இருந்தேன் சார். ஃபோன் பண்ணிப் பண்ணிப் பார்த்தேன்... எடுக்கவே இல்ல. இன்னைக்கு இந்தப் பக்கமே வரலையே நான்! வந்திருந்தா காப்பாத்தியிருப்பேனே!"

மார்லீன் அவனைப் பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த பெட்டியைக் காட்டினாள்.

"சார்ஜென்ட், அதோட வாயில பூசணிக்காய் மாதிரி ஒண்ணு உட்கார்ந்திருக்கே, அது கன்வெர்ட்டர், என்ஜினையும் பெட்டியையும் இணைக்கறது. சுத்திச் சுத்தி உள்ள தள்ளணும். 'டொக்'னு மூணு தடவை கேட்கணும். மூணாவது கேட்கலேன்னா விரல் அகலம் வெளிய துருத்தும். அப்படியே என்ஜினோட முடுக்கினா பெட்டிக்குள்ள இருக்கற ஆயில் பம்ப் நொறுங்கிடும்."

ஹேக்கட் குனிந்தார். துருத்திக்கொண்டுதான் இருந்தது.

"மூணு 'டொக்' எண்ணாம டுவேன் பெட்டியைத் தூக்கவே மாட்டார். இது அவர் வேலை இல்ல."

"விழுந்த வேகத்துல வெளிய வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம். ஆனா ரெண்டாவதோட நிறுத்தற ஆள் ஒருத்தன் இருக்கான். 'ரெண்டு டொக் ராய்'னா ஊருக்கே தெரியும். பதினஞ்சு வருஷமா எத்தனை பம்ப்பை உடைச்சான்! இதையும் அவன்தான் அரைகுறையா மாட்டியிருக்கான்."

ராயின் காது சிவந்தது.

"வாயை மூடு மார்லீன்."

"கை மட்டும் இல்ல சார், இவனுக்குக் காதும் மந்தம். மூணாவது 'டொக்' ஜென்மத்துல கேட்டதில்ல."

"கேட்டுச்சு!"

"ரெண்டுதான் ராய்."

"மூணு! இன்னைக்கு இந்த ரெண்டு காதால கேட்டேன்! அதை அந்த டுவேன் நம்பல! வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு சிரி சிரின்னு சிரிச்சான்! சிரிச்சுக்கிட்டே..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஹேக்கட் நிதானமாகக் கேட்டார்.

"ஏரியில மீன் பிடிச்சிட்டிருந்த காதுல அது எப்படி விழுந்துச்சு?"

மார்லீனுக்காக எடுத்த விலங்கு ராயின் கையில் விழுந்தது!

போலீஸ் வண்டிக் கதவு சாத்தும் வரை அவன் "மூணு! மூணு!" என்றே கத்திக்கொண்டிருந்தான்.

ஹேக்கட் திரும்பி வந்தார். அந்தச் சிவந்த நகங்களை மறுபடி பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்க மேடம்..."

"ஜன்னல் வழியா ராய் ஓடறதைப் பார்த்தேன். நான் சொன்னா நம்புவீங்களா? விலங்கோட நின்னீங்க."

"கன்வெர்ட்டர்?"

"ஒழுங்காத்தான் உட்கார்ந்திருந்தது. டுவேன் மாட்டினதுன்னு நினைச்சேன். பெட்டி அவர் நெஞ்சு மேல இருக்கும்போதே கையை விட்டு ஒரு 'டொக்' வெளிய இழுத்தேன், ராய் வேலை மாதிரி தெரியட்டும்னு."

"அப்போ... நிஜமாவே அவன்தான் மூணு 'டொக்'கும் கேட்டு மாட்டியிருக்கானா?"

"ஆமா."

ஹேக்கட் நோட்டுப் புத்தகத்தை எழுதாமலே மூடினார். மார்லீன் ஆறிப்போன காப்பியை ஒரு வாய் குடித்தாள். கசப்புகூடத் தெரியவில்லை.

"பதினஞ்சு வருஷத்துல இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை பார்த்தான் சார்ஜென்ட்... அதுக்கிருந்த ஒரே சாட்சியையும் அவனே கொன்னுட்டான்!"