ஒரு முடிச்சுக்கு

பாதை திறந்த அன்றே, முதல் பஸ்ஸில், இராசமலர் குச்சவெளியிலிருந்து வந்துவிட்டாள். தாய் வீட்டுக்குப் போனவள் சண்டையில் மூன்று மாதம் அங்கேயே அகப்பட்டிருந்தாள். துறைமுகப் பக்கத்துப் பழைய வாடகை வீட்டின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பகலிலும் இருட்டு. ஊசிப்போன சோற்றின் மணம்.

டிக். டிக். டிக்.

கணவன் ஆனந்தராசா கணினியின் முன்னால் இருந்தான். அவளைக் கண்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

திரையில் ஒரு கோட்டை. வாசலில் மந்திரக்காரி ஒருத்தி, சட்டையில் நாடா முடிச்சுகளோடு. அவன் அழுத்த அழுத்தக் கிணற்றிலிருந்து வாளி ஏறியது, இறங்கியது.

“என்ன இது?”

“பெரிய ஆக்களின்ர விளையாட்டு. நூறு வாளிக்கு ஒரு சிரிப்பு. ஆயிரத்துக்கு ஒரு முடிச்சு அவிழும்.”

“பிறகு?”

“அடுத்த கோட்டை. அதே கிணறு.”

“முடிச்சு?”

“திரும்பக் கட்டியிருப்பாள்.”

“எங்கட கிணத்தில ஒரு வாளி அள்ளினனீங்களோ?”

 அவன் விரல் நிற்கவில்லை.

மந்திரக்காரியின் வாயருகே எழுத்துத் தோன்றியது. அதுவரை எல்லாம் ஆங்கிலம். இது தமிழ்.

‘ஷெல் சத்தம் கேட்டால் உங்கட சாரத் துணியைப் பிடிச்சால்தான் எனக்கு நித்திரை வரும்.’

கலியாணமான புதிதில், போர்வைக்குள் இராசமலர் சொன்னது.

“இவளுக்கு எப்பிடித் தெரியும்?”

“அள்ளி அலுத்தால், உம்மைப் பற்றி ஒண்டு எழுதச் சொல்லுவாள். ஆரும் அறியாதது. எழுதினால் ஆயிரம் வாளிக்குச் சரி.”

“என்னென்ன எழுதினனீங்கள்?”

டிக். டிக்.

“எல்லாம் முடிஞ்சுது, மலர். நேற்று ஒண்டுதான் மிஞ்சிக் கிடந்தது.”

மிஞ்சிக் கிடந்தது எது என்று அவளுக்குத் தெரியும்.

ஆறாம் மாதத்தில், ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல், இந்த வீட்டிலேயே இறந்து பிறந்த பிள்ளை. இருவரும் அதற்கு ஒரு பேர் வைத்தார்கள். எந்தப் பதிவிலும் இல்லை. அன்றைக்குப் பிறகு அவர்களும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

“பிள்ளையின்ர பேரையுமோ குடுத்தனீங்கள்?”

டிக்.

“அதுக்கு என்ன கிடைச்சது?”

“ஒரு முடிச்சு.”

அவள் வயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

அவன் விரல் அழுத்திக்கொண்டேயிருந்தது.

குசினிக்குள், அடுப்படியில், ஒரு பெண்குரல் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. மெதுவாக, பழகிய வாயால்.

இராசமலரின் முதுகுக்குப் பின்னால் ஒரு குழந்தைக் குரல்.

“ஓம், அம்மா. வாறன்.”

சின்னக் கால்கள் அவளைக் கடந்து உள்ளே ஓடின.