வரிசைக் காவல்

மிளகாய் மண்டித் தெருவில் வீட்டுக்கு ஒருவர் திரை முன்னால் உட்கார்ந்திருப்பது செண்பகவடிவுக்குப் பழகிய காட்சி. பொழுது விடிந்தால் பால் வரும். திரைக்காரர்களுக்கு இட்லி ஊட்டிவிட ஆள் வரும். மெல்லும்போதுகூட அவர்கள் கண்ணைத் திருப்புவதில்லை. “சீரியல் பைத்தியங்க” என்று சிரித்துக்கொண்டே கடை திறக்கப் போய்விடுவாள். அவள் வீட்டில் அதுவரை யாருக்கும் எந்த உறுப்பும் பழுதாகவில்லை.

கணவர் குமரகுருவின் இதய வால்வு மக்கர் செய்ததும், மூடிப்போன மருத்துவமனை ஒன்றின், உறுப்புகளை அச்சிட்டுத் தரும் உயிரச்சுப்பொறியை விலைபேசினாள். விற்றவன் சொன்னதில் பாதிக்குக் கேட்டு, அவன் கண்கலங்கிச் சம்மதித்த பிறகு உயிர்க்கூழ்க் குப்பி ஒன்றை இனாமாகவும் பிடுங்கிக்கொண்டாள். ஒரு குப்பிக்கு ஓர் உறுப்பு. கூழின் அடுத்த ஒதுக்கீடு ஐப்பசியில்தான். குமரகுரு ஐப்பசி வரை தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கணினியோடு பொறியைச் சேர்க்க யூனுஸ் வந்தான்.

“எந்த சிஸ்டம் போடட்டும்க்கா?”

“காசு கேக்காதது எது?”

“லினக்ஸ்.”

“அப்ப அதுதான் நல்லது.”

இரண்டையும் ஒரே வலையில் இணைத்தான். பொறியின் பெயர் தானாகத் திரையில் வந்தது. அதற்கேற்ற இயக்கி மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, சோதனை அச்சு கொடுத்தான். தட்டில் நகக்கண் அளவு தோல் வந்து விழுந்தது. கிள்ளிப் பார்த்து, “சரியா இருக்கு” என்றான்.

வால்வை அனுப்பினாள். வரிசையில் அது இரண்டாவதாக நின்றது. அதற்கு மேலே: சிறுநீரகம், மதிவதனி.

“எவ இவ, நம்ம பொறியில?”

“வலையில சேந்தா ஊருக்கே பொதுக்கா. பொறி தெரிஞ்சதும் ஓடிவந்து நின்னுருக்காங்க. வயரைப் புடுங்கினா வலையிலேர்ந்து எறங்கற உறுப்போட வார்ப்புப் படமும் வராது.”

“நீக்க முடியாதா?”

“கேக்கலாம். வரிசையில இருக்கறவங்க யாரும் யாரையும் நீக்கச் சொல்லலாம். அவங்க உடனே ‘மறுக்கிறேன்’னு அமுக்கிட்டா நிக்கும். இல்லேன்னா போயிடும்.”

கேட்பதற்கென்ன காசா? எந்தப் பேரத்திலும் முதலில் அடாததாகத்தான் கேட்பது. எதிராளி முறுக்குவான், பிறகு இறங்கி வரலாம். அமுக்கிவிட்டு, மறுப்புக்காகக் காத்திருந்தாள்.

மறுப்பு வரவில்லை. மதிவதனி மறைந்தாள். அப்போதுதான் சூடேறி முடித்த பொறி உறுமத் தொடங்கியது.

“என்ன தம்பி, பதிலே பேசலையே?”

“எந்திரிச்சுப் போயிருப்பாங்க. உள்ள யாராச்சும் தண்ணி கேட்டிருக்கலாம்.” யூனுஸ் பையை மூடினான்.

அவள் ஜன்னல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தாள். திரை முன்னால் அசையாத ஒரு முதுகு.

“இது எப்ப முடியும்?”

“வெள்ளிக்கிழமை ஆயிடும்.”

“பாதியில நம்மள நீக்கினா?”

“கூழைக் கரைச்சு அடுத்தவங்களுக்கு ஊத்திடும்.”

“அப்படியெல்லாமா கேப்பாங்க?”

“நீங்க கேட்டீங்கள்லக்கா.”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அவள் திரைப் பக்கம் திரும்பியபோது வரிசையின் அடியில் மதிவதனி வந்து நின்றிருந்தாள். திரை நடுவே ஒரு கேள்வி: குமரகுருவை நீக்கலாமா?

மறுத்தாள். கேள்வி மறுபடி வந்தது. மறுத்தாள். மறுபடி. பேசிப் பார்க்க இடமில்லை, கூடக்குறைய விலை சொல்ல வழியில்லை, இரண்டே பொத்தான்கள்.

“வடிவு, கொஞ்சம் தண்ணி குடேன்.” உள்ளறையிலிருந்து குமரகுரு.

“வர்றேங்க.”

கேள்வி வருவது நின்றுவிட்டது. மதிவதனியின் பெயர் மட்டும் வரிசையில் அங்கேயே இருந்தது.

“வடிவு…” இம்முறை குரல் தணிந்திருந்தது.

“வர்றேங்க” என்றாள், கண்ணைத் திருப்பாமல்.