கொளஞ்சியப்பன் மாட்டிய கீசர்

"இன்னைக்கும் ஒண்ணு செத்துக் கெடக்குதுங்க."

"பல்லி செத்தா நான் என்னடி பண்ணட்டும்? கொள்ளி வைக்கட்டுமா?"

"அதுக்கில்லீங்க. கேஸ் கீசர் மாட்டுனதுல இருந்துதான் பாத்ரூம்ல பல்லி விழுவுது. நேத்து என் தோள் மேலயே விழுந்துச்சு."

"எடது தோளா, வலது தோளா? காலண்டர்ல பலன் பாத்து வை. இப்ப டீயக் குடு."

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த கொளஞ்சியப்பன் டம்ளரை வாங்கிக்கொண்டே தன் மனைவி அம்சவல்லியை ஏற இறங்கப் பார்த்தான். வெள்ளிக்கிழமை என்பதால் தலை நிறைய நல்லெண்ணெய், நெற்றி வரை வழிகிறது. கையில் முறம், முறத்தில் பல்லி. நிலக்கரி மைன்ஸில் சேஃப்டி வீக் வந்தால் மேடையேறி மைக் பிடிக்கிற ஃபோர்மேனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்திருக்கிறாள். இவளுடைய மூளை பல்லிக்கு மேல் எட்டாது.

"தலையும் வலிக்குதுங்க, குளிச்சிட்டு வந்தாலே. அடுப்புக்கே ஜன்னலத் தொறந்து வைக்கிறோம். இதுவும் அடுப்பாட்டம்தான எரியுது, அந்தப் பொகை எங்கங்க போவும்?"

"பொகை கண்ணுக்குத் தெரியுதா? மூக்குல நாறுதா?"

"இல்ல..."

"அப்ப மூடிக்கினு போய்க் குளி."

அவள் போனாள். கட்டிலில் சாய்ந்தவனுக்குச் சிரிப்பு வந்தது. கீசர் விற்ற மந்தாரக்குப்பம் கடைக்காரர் சமியுல்லா கூட இப்படித்தான், மாட்டுவதற்கு ஆள் அனுப்புகிறேன், குளியலறைக்கு வெளியேதான் மாட்ட வேண்டும் என்றெல்லாம் அளந்தார். வெளியே மாட்டினால் மறுநாள் எவனாவது கழற்றிக்கொண்டு போவான். கான்ட்ராக்ட் பையன்கள் வந்து சுவரைக் குதறுவதற்கு அவன் வீடா கிடைத்தது? அவனே துளை போட்டு, உள்ளேயே, குழாய்க்கு மேலே மாட்டினான். பெட்டியோடு வந்த தகரப் புகைக்குழாயைப் பார்த்து, விலையை ஏற்ற எதையெல்லாம் சேர்க்கிறான்கள் என்று பரண்மேல் எறிந்தான். குளியலறைச் சுவரின் காற்றுப்போக்கியையும் திறக்கவில்லை. கரித்தூசிக்குப் பயந்து பிளைவுட் வைத்து அடைத்த ஓட்டை அது. டவுன்ஷிப்பில் வெள்ளை வேட்டி கட்டுகிற எந்த வீட்டில்தான் அடைக்கவில்லை? கடைசியில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தான். ஒரு குமிழ் இல்லை. இதற்கு மேல் என்ன சேஃப்டி வேண்டுமாம்?

குளியலறைக் கதவு சாத்தும் சத்தமும் அவனே அடித்த கனத்த தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டன. குழாய் திறந்ததும் கீசர் குப்பென்று பற்றி, பிறகு ஒரே சீராக உஸ்ஸென்று எரியத் தொடங்க, அந்தச் சத்தத்தின் மேல் சொம்பும் வாளியும் மோதும் சத்தமும், சீயக்காய் வாசனையும், தொலைவில் நிலக்கரி சுமந்து ஓயாமல் ஓடும் மைன்ஸ் பெல்ட்டின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்து, மார்கழிக் காலையின் மூட்டமான வெளிச்சத்தோடு அவன் கண் இமைகளை மெல்ல அழுத்தின. அரைக் கிலோ எண்ணெயைப் போக்க அரை நாள் குளிப்பாள். பெண்கள்.

கண் விழித்தபோது என்ன மாறியிருக்கிறது என்று அவனுக்கு உடனே தெரியவில்லை. கீசர் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சீயக்காய் வாசனை கூட அப்படியே இருந்தது. சொம்புச் சத்தம் மட்டும் இல்லை.

"ஏய், தூங்கிட்டியா உள்ள?"

தண்ணீர் விழுந்தது.

"சிலிண்டரு என்ன உங்கப்பன் வூட்ல இருந்து வருதா? வெளிய வாடி!"

கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது. பதில் சொல்லாமல் இருப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வீரம். எழுந்து போய்க் கதவைத் தட்டினான். இன்னும் பலமாகத் தட்டக் கையை ஓங்கியவன் நிறுத்தினான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெரியநாயகி காது கொடுத்துக்கொண்டிருப்பாள். ஃபோர்மேன் வீட்டில் கூச்சல் என்று பிளாக் முழுக்கப் பரப்புவாள். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்சா. வெளையாடாத."

கதவின் பலகை இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. மஞ்சள் வெளிச்சம். அவன் மாட்டிய நாளில் அந்தத் தீ நீலமாக இருந்தது. நல்ல நீலம், கூப்பிட்டு அவளுக்கே காட்டினான். இப்போது மஞ்சள். நடுங்கும் மஞ்சள். காற்றுக்கு ஏங்கி நெளிகிற மஞ்சள். காற்றில்லாத இடத்தில் தீ நிறம் மாறும், கண்ணுக்குத் தெரியாத, மூக்கில் நாறாத விஷவாயுவைக் கக்கும் என்பதை எத்தனை தடவை மைக்கில் சொல்லியிருக்கிறான்.

அவன் சமையலறைக்கு ஓடினான். ரெகுலேட்டரை அணைத்தான். உஸ்ஸென்ற சத்தம் நின்றது.

அதுவரை அந்தச் சத்தம்தான் வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது போல. இப்போது தண்ணீர் மட்டும். அதுவும் வாளியில் விழும் சத்தம் இல்லை. வேறு எதன் மேலோ விழுகிற சத்தம். மெத்தென்ற ஏதோ ஒன்றின் மேல்.

"அம்சா!"

தோளால் இடித்தான். கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை. எந்தத் திருடனாலும் உடைக்க முடியாது என்று பெருமையாகச் சொல்லி அவன் அடித்தது. மறுபடி இடித்தான். தோள்பட்டையில் ஏதோ நொறுங்கியது. கதவு நின்றது.

"யாராவது வாங்க! பெரியநாயகியம்மா! வாங்க!"

கத்திவிட்டுக் குனிந்தான். கதவின் கீழ்மூலை ஈரத்தில் உளுத்து, உள்ளங்கை நுழையும் அளவுக்கு இற்றுப்போயிருந்தது. அதை மறைத்துக் கிடந்த கால்மிதிச் சாக்கை இழுத்தான். வெதுவெதுப்பான தண்ணீர் முட்டியை நனைத்தது. எண்ணெய்ப் பளபளப்பு. சீயக்காய்த் துணுக்கு. கன்னத்தைத் தரையில் வைத்து ஓட்டைக்குள் பார்த்தான்.

ஒரு கண்.

ஒரு சாண் தூரத்தில். அவனையே பார்த்துக்கொண்டு. தரையோடு தரையாக அவள் கன்னம், மஞ்சள் பூசிய கன்னம், அதற்கடியில் பழம் போல் சிவந்து. திறந்த வாய். வாயோரம் தண்ணீர் உள்ளே போய் வெளியே வந்தது. ஒரு சீயக்காய்த் தூள் மிதந்து வந்து கருவிழியின் நடுவில் ஒட்டியது. அங்கேயே நின்றது.

வெளியே யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம். அவன் திரும்பவில்லை. அவளிடம் இதுவரை எதையும் கேட்டுப் பழகாத வாய், ஓட்டைக்கு அருகே, மிக மெதுவாகக் கேட்டது.

"அம்சா... ஒரே ஒரு தடவ... கண்ண மூடித் தொறம்மா."